ருக்குமணியின் கட்டைவிரல்

தம்பி, உங்க போன் விரல் வெச்சாத் தொறக்கற போனுங்களா?

தப்பா நெனைக்காதீங்க. சேலத்துல ஏறுனதுலேர்ந்து பாத்துட்டு வர்றேன், நீங்க தொட்டதும் தொறக்குது, தொட்டதும் தொறக்குது. எம்பட சம்சாரத்தோட போனும் அப்படித்தான் இருந்துச்சு. இதா, இதுதான். கீழ ஒரு பட்டன் இருக்குது பாருங்க. இப்பெல்லாம் இந்த மாதிரி பட்டன் வெச்சு வர்றதில்லையாமா. எம்பட வூட்டுல வந்த வெசனம் அத்தனையும் இந்த ஒரு பட்டனாலதானுங்க வந்துச்சு.

நான் கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவன். கோபிப் பக்கம் வந்து லைன்மேன் சென்னியப்பன் வூடு எதுன்னு கேட்டீங்கன்னா, கொண்டாந்து வாசல்லயே வுட்டுட்டுப் போவாங்க. மழையோ காத்தோ, எந்தக் கம்பத்துல ஃபால்ட்டுன்னு தூரத்துல நின்னு பாத்தே சொல்லிப்போடுவேன். வூட்டுலயும் அப்படித்தான். மிக்சி, தண்ணி மோட்டாரு, ஃபேன், எதையும் வெளிய குடுத்து ரிப்பேர் பண்ணுனதில்லை. எதுக்குச் சொல்றேன்னா, ஒரு சாமான் வேலை செய்யலைன்னா அதைப் பாத்துட்டுச் சும்மா இருக்கறவன் நான் இல்லீங்க.

சம்சாரம் பேரு ருக்குமணி. போன ஆடி மாசம், துணி காயப்போட்டுட்டு இருந்தவ, ஈரத் துணியோட அப்படியே உக்காந்துட்டா. வாதம் அடிச்சிருச்சு. வலது கை, வலது கால் போச்சு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்குச்சு. பேச்சும் போச்சு. கோயமுத்தூருக்குக் கொண்டு போயிப் பாத்தோம். டாக்டர் சொன்னாரு, அவங்களுக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்குது, நீங்க சொல்றது எல்லாம் வெளங்கும், வார்த்தைதான் வாய்க்கு வராதுன்னு. பக்கத்துல உக்காந்து பேசிப் பேசிப் பழக்குனா கொஞ்சங்கொஞ்சமா வரும்னாரு. நானும் பழக்கிப் பாத்தேன். தண்ணின்னு சொல்லு ருக்கு, சோறுன்னு சொல்லு, சரி அதெல்லாம் வேண்டாம், எம்பேரைச் சொல்லுன்னேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. சாகற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க.

ஆமாங்க. போயிட்டா. தை மாசம்.

இல்லீங்க, பரவால்லீங்க. தெரியாமத்தானே கேட்டீங்க.

நான் ஞாயமாத்தான் சொல்றேன், அவளுக்கு ஒரு குறையும் வெக்கலை. கஞ்சி ஊத்துவேன். படுக்கைப் புண்ணு வந்துறக்கூடாதுன்னு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பித் திருப்பிப் போடுவேன். சடை போடக்கூடக் கத்துக்கிட்டேனுங்க இந்த வயசுல. மொதல்ல கோணக்கோணலா வரும். பொறவு நல்லா வந்துச்சு. பக்கத்து வூட்டு வசந்தா வந்து குளிக்க வெச்சு வுட்டுட்டுப் போவா. மத்தது எல்லாம் நாந்தான். ஒறம்பரைக, சொந்தக்காரங்க வந்து பாத்துட்டு, சென்னியப்பன் மாதிரி யாரு பாப்பாங்கன்னுதான் சொல்லிட்டுப் போவாங்க.

புள்ளைகளா? ஒரே பொண்ணுங்க. தாரணின்னு பேரு. பெருந்துறையில இன்ஜினியரிங் படிக்கையில கூடப் படிச்ச பையன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. நம்ம ஆளுக இல்லீங்க. நானும் தலை முழுகிப்போட்டேன். வூட்டுக்குள்ள அவ பேரை எடுக்கக்கூடாது, போன்ல பேசக்கூடாதுன்னு ருக்குமணிகிட்டச் சொன்னேன். அவ ஒண்ணுமே சொல்லலை. அழுவக்கூட இல்லை. அவளும் எம்பட பக்கந்தான்னு நெனச்சுட்டேன். கேட்டதால சொல்றேன், மத்தபடி அந்தப் பேச்சை நான் எடுக்கறதில்லை.

போனுக்கு வர்றேன். இந்தப் போனை வாதம் வர்றதுக்கு முன்னாலயே வாங்கிட்டா. வசந்தாதான் கூட்டிட்டுப் போயி வாங்கிக் குடுத்தா. எடுத்துப் பாத்தேன், விரல் பூட்டு. பூட்டு எதுக்கு ருக்குன்னேன். வாங்கறப்பவே அப்படித்தானுங்க இருந்துச்சுன்னா. எனக்கு அந்த மாதிரி போன் எல்லாம் தெரியாது, என்கிட்ட இருக்கறது பட்டன் போன். சரின்னு வுட்டுட்டேன்.

வாதம் வந்த பொறவு ஒரு பழக்கம் வந்துச்சு அவளுக்கு. பொழுதோட, சாயங்காலக் காப்பி போடற நேரம் ஆச்சுன்னா, தலைமாட்டுல இருக்கற போனைக் காட்டுவா. எடுத்து மடியில வெப்பேன். எடது கையால வலது கையோட கட்டைவிரலைத் தூக்குவாளுங்க. செத்த விரலு அது. கோழிக்குஞ்சைத் தூக்கறாப்பல மெல்லமாத் தூக்கி, கொண்டாந்து பட்டன் மேல வெப்பா. தொறந்துக்கும். எடது விரலை வெச்சு ஒருதரம் பழக்கி வெச்சிருக்கலாம், அது அவளால முடியலையா என்னமோ. தொறந்ததும் என்னைப் பாப்பா. சரி, நான் அந்தப் பக்கம் போகணும்னு அர்த்தம். நான் சமையக்கட்டுக்குப் போயிருவேன். அவ போனைக் காதுல வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்குவா. என்னமோ பாட்டுக் கேக்கறா, இல்லைன்னா கோயில் பிரசங்கம் கேக்கறான்னு நெனச்சேன். செல நாளு வாய்க்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஆ, ஆன்னு சத்தம் போட்டுட்டு இருப்பா. நான் காப்பியோட போனா டக்குன்னு போனைக் கவுத்து வெச்சுக்குவா. மூஞ்சி ஒரு மாதிரி நல்லா இருக்கும், அந்த நேரத்துல மட்டும். காப்பியும் மிச்சம் வெக்காமக் குடிப்பா.

ஐப்பசியில பட்டன் மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. விரல் வெச்சா ஒருதரம் எடுக்கும், ரெண்டுதரம் எடுக்காது. அமுக்குனா அமுங்காது. அவ விரலைத் தூக்கி வெப்பா, எடுப்பா, மறுபடி வெப்பா. கை வீங்கித் தோலு மினுமினுன்னு ஆயிப்போச்சுங்களா, அதனாலயும் இருக்கும்னு விரலைச் சுடுதண்ணியில தொடச்சு வுட்டேன். அப்படியும் எடுக்கலை. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. புருசன் பக்கத்துலயே இருக்கறேன், ஒரு போனுக்குப் போயி அழுவறா பாருங்கன்னு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆச்சு. ஆனாலும் சரி பண்ணிக் குடுக்கணுமே. ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டுச் சுத்தம் பண்ணுனேன். ஊதிப் பாத்தேன். பட்டனைச் சுத்தி அழுக்கு இருக்கும்னு பிளேடு முனையில நெம்பி எடுத்தேன். நல்லா அமுக்கி வுட்டேன். கடைசியில பட்டன் ஒரு பக்கம் உள்ளார போயிருச்சு.

வேற வழியில்லாம கோபி பஸ் ஸ்டாண்டு எதுக்கால இருக்கற மன்சூர் கடைக்குக் கொண்டு போனேன். நல்ல பையன். ஒரு கண்ணாடியை மாட்டிப் பாத்துட்டுச் சொன்னான், பட்டனோட வயரு அறுபடப் பாக்குது, இதை மாத்தலாம், மாத்துனா அமுங்கும், ஆனா விரல் எடுக்காதுங்கய்யா, இந்த மாடல்ல விரல் பாக்கறது பழைய பட்டனோடயே போயிரும்னு. அப்பறம் என்ன பண்றதுன்னேன். நம்பர் போட்டுத் தொறக்கணும், அம்மாவுக்கு நம்பர் தெரியுமான்னான். தெரியும், சொல்ல வராதுன்னேன். அவன் யோசிச்சுட்டு ஒரு வழி சொன்னான். அம்மாவை ஒருக்கா கூட்டிட்டு வாங்க, ஆட்டோவுலயே உக்காந்திருக்கட்டும், நான் கீழ எறங்கி வர்றேன், இந்தப் பட்டன் இன்னும் கொஞ்சம் உசுரோட இருக்குது, அவங்க விரலை வெச்சு ஒரேயொருக்காத் தொறந்துட்டாப் போதும், உள்ள இருக்கறதை எல்லாம் எடுத்து வெச்சுக்கலாம், பொறவு பட்டனை மாத்திக்கலாம்னான்.

நீங்களே சொல்லுங்க தம்பி. வாய் கோணிப் போனவளை, அந்தச் சந்தடியில, ஊரு சனமெல்லாம் போற எடத்துல ஆட்டோவுல உக்கார வெச்சு, கையைப் புடிச்சு விரல் ரேகை எடுக்கறதுங்களா? எப்படி இருந்தவ தெரியுங்களா ருக்குமணி? நோம்பிக்குச் சேலை கட்டிட்டு நடந்தான்னா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. அவளைக் காட்சிப்பொருளா ஆக்கறதுக்கு எனக்கு மனசு வரலை. அவளுக்காகத்தான் வேண்டாம்னேன். அவகிட்டக் கேக்கலைதான். கேட்டா மட்டும் சொல்லவா போறா?

நம்பரைக் கண்டுபுடிச்சுப்போடலாம்னு வூட்டுக்கு வந்து உக்காந்தேன். எங்க கல்யாண நாளைப் போட்டேன். தப்புன்னு வந்துச்சு. எம்பட பொறந்த நாளைப் போட்டேன். தப்பு. வூட்டுக் கதவு நம்பரு, கரண்டு சர்வீஸ் நம்பரு, எல்லாம் தப்பு. அவகிட்டக் குடுத்தா எடது விரலு ஒரு நம்பருக்குப் போயி இன்னொண்ணுல விழுந்துச்சு, சரி, நீயே ஜாடை காட்டு ருக்குன்னேன். எடது கையைத் தூக்கிச் சுவத்தைக் காட்டுனா. அந்தச் சுவத்துல முந்தி ஒரு போட்டோ இருந்துச்சு, தாரணி பள்ளிக்கூடத்துல மெடல் வாங்குன போட்டோ. நான் கழட்டிப் பரண் மேல போட்டு வருசம் ஆச்சு. ஆணி மட்டுந்தான் இருக்குது. அதுக்கு மேல ஃபேன் இருக்குதுங்க. புழுக்கமா இருக்குது போலன்னு ஃபேனைப் போட்டேன். தலையை ஆட்டுனா, இல்லைங்கறாப்பல. இன்னும் வேகமா வெச்சேன். மறுபடியும் சுவத்தையே காட்டுனா. காட்டிக்கிட்டே இருந்தா. எனக்கும் அலுப்பு. நம்பரு என்னன்னு கேட்டா காத்து வேணும்ங்கறாளேன்னு சத்தம் போட்டுட்டேன். கையைக் கீழ போட்டுட்டா.

மறுநாளு மன்சூர்கிட்டப் போயி, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் பண்ணிக் குடுன்னேன். அவன் மறுபடி கேட்டான். அய்யா, ஒண்ணும் மிஞ்சாது, பரவால்லீங்களான்னு. என்னப்பா இருக்கப் போகுது, நாலு கோலம், ரெண்டு சமையல் வீடியோன்னு சொன்னேன். வசந்தா ஊருல இருந்திருந்தாத் தடுத்திருப்பாளாம். அவ மக பிரசவத்துக்குன்னு பவானி போயிருந்தா.

பட்டன் புதுசுங்க. சும்மா வழவழன்னு, டக்கு டக்குன்னு அமுங்குது. மன்சூர் கேட்டான்னு எங்க கல்யாண நாளையே நம்பராப் போட்டு வெச்சேன். அவளுக்கு மறக்காதில்லீங்களா. சந்தோசமாக் கொண்டு போயி மடியில வெச்சேன். எடது கையால விரலைத் தூக்கி வெச்சா. தொறக்கலை. இனிமே விரல் வேண்டாம் ருக்கு, நம்பர்தான்னு சொல்லி நானே போட்டுத் தொறந்து காட்டுனேன். பாத்தா. அந்தக் கண்ணாடிய இப்படி அப்படித் தள்ளித் தள்ளித் தேடுனா. உள்ள ஒண்ணும் இல்லை, எல்லாம் காலி. எதைத் தேடற ருக்குன்னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பாத்தாளுங்க. கோவமா இருந்தாக்கூடச் சரின்னு வுட்டிருப்பேன். போனை எடுத்து எம்பட கையில குடுத்துட்டா. அதுக்குப் பொறவு அதைத் தொடவே இல்லை.

சரி, சும்மா கெடக்க வேண்டாம்னு நான் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். வெச்சுக்கிட்டதுலேர்ந்து ஒரு தொந்தரவு. பொழுதோட காப்பி நேரத்துக்கு ஒரு கால் வரும். பேரு இருக்காது, வெறும் நம்பர். எடுத்து அலோன்னு சொல்லுவேன். பேசமாட்டாங்க. மூச்சு வுடற சத்தம் மட்டும் கேக்கும். யாருங்கன்னா வெச்சுப்போடுவாங்க. மறுநாளும் அதே நேரம். மணி அடிச்சதும் ருக்குமணி கட்டில்லேர்ந்து கையை நீட்டுவா. குடு குடுங்கறாப்பல விரலை மடக்கி மடக்கிக் காட்டுவா. ராங் கால் ருக்கு, நீ படுன்னு சொல்லுவேன். உன்னால பேசவும் முடியாது, உனக்கு எதுக்குன்னு சொல்லுவேன். எம் மேல என்ன தப்பு சொல்லுங்க. பேச முடியாதவகிட்டப் போனைக் குடுத்து என்ன பண்றது?

மார்கழியில சாப்பாடு எறங்கலை. காப்பியும் வேண்டாம்னுட்டா. டாக்டர் வந்து, மறுபடி ஒரு அடி வந்திருக்கலாம்னு சொன்னாரு. தைப்பூசத்துக்கு முன்னால ஒரு நாளு, சடை போடலாம்னு தலையைத் தூக்குனேன். தலை எம்பட கையில நிக்கலைங்க.

எழவுக்கு ஊரே வந்துச்சு. பொண்ணுக்குச் சொல்லியாச்சான்னு யாரோ கேட்டாங்க. யாரோ சொல்லியாச்சுன்னாங்க. நானும் யாரோ சொல்லியிருப்பாங்கன்னு இருந்துட்டேன். அவ வரலை. பாத்தீங்களா, பெத்தவளுக்குக் கொள்ளி வெக்கறப்பக்கூட வரலையேன்னு எனக்கு அத்தனை கோவம். அதை எல்லார்த்துகிட்டயும் சொல்லிச் சொல்லிக் காட்டுனேன்.

கருமாதி முடிஞ்சு, வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. பொழுதோட ஒத்தைக் கிளாஸுக்குக் காப்பி வெச்சுட்டு நின்னேன். போன் அடிக்குது. அதே நம்பரு. எடுத்தேன். மூச்சு. யாருன்னேன். வெச்சுட்டாங்க. அன்னிக்குத்தான் தம்பி எனக்கு ஒண்ணு தோணுச்சு. செத்துப் போனவளுக்கு யாரு இப்படித் தெனமும் போன் பண்ணுவாங்க? செத்தது தெரியாதவங்கதானே பண்ணுவாங்க?

வசந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவ மொதல்ல தெரியாதுன்னா. பொறவு எல்லாத்தையும் சொன்னா. தாரணிதான் அது. ரெண்டு வருசமாத் தெனமும் அம்மாளுக்கு வாட்சப்புல பேசிப் பேசி அனுப்புவாளாமா. என்ன சமைச்சேன், ஆபீஸ்ல என்ன நடந்துச்சு, ஓசூர்ல மழை, இந்த மாதிரி. ருக்குமணி அதைக் காதுல வெச்சுக் கேட்டுட்டு, திருப்பிப் பேசி அனுப்புவாளாமா. வாதம் வந்த பொறவும் நிறுத்தலை. வெறும் ஆ, ஆன்னு அனுப்புவாளாமா. அந்தப் புள்ள அங்கெருந்து, இன்னொருக்காச் சொல்லுங்கம்மா, மெதுவாச் சொல்லுங்கன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில வார்த்தையே வந்திருக்குதுங்க. வசந்தா அவ காதால கேட்டிருக்கறா. 'சாப்பிட்டியா தாரு'ன்னு முழுசாச் சொன்னாளாமா.

எம்பட வூட்டுல, எம்பட கட்டில்ல படுத்துக்கிட்டு.

நான் சமையக்கட்டுல காப்பி ஆத்திட்டு இருந்திருக்கறேன்.

என்கிட்ட ஏன் சொல்லலைன்னு வசந்தாவைத் திட்டுனேன். அக்கா சொல்ல வேண்டாம்னு கையெடுத்துக் கும்புட்டாங்க அண்ணா, அதான்னா. சரி, செத்தப்பவாச்சும் அவளுக்குச் சொல்லியிருக்கலாமேன்னேன். நம்பரு அக்கா போன்லதானே இருந்துச்சு, நீங்கதான் அழிச்சுட்டீங்களேன்னு கேக்கறா. அழிச்சது நானுங்களா? பட்டன் போச்சு, அதனால அழிக்க வேண்டியதாப் போச்சு. இதைச் சொன்னா யாருக்கும் வெளங்கமாட்டேங்குது.

மறுநாளே மன்சூர் கடைக்கு ஓடுனேன். எத்தனை ஆனாலும் சரி, அந்தப் பேசுன சத்தத்தை மட்டும் மீட்டுக் குடுன்னேன். அவன் போனை வாங்கவே இல்லை. அழிச்சது அழிச்சதுதானுங்கய்யான்னான். பொறவு அவனே சொன்னான், 'ஆனா அம்மா அனுப்புனது அந்தப் பக்கம் இருக்கும்ங்கய்யா. வாங்குனவங்க போன்ல அப்படியேதான் இருக்கும்.'

அதுக்குத்தானுங்க இப்ப ஓசூர் போறேன். பஸ் ஏறிட்டேனே தவிர, வூடு எங்கன்னு தெரியாது. இந்த நம்பர் ஒண்ணுதான் இருக்குது. வர்ற வழியெல்லாம் எடுத்து எடுத்துப் பாத்துட்டு உள்ள வெச்சுக்கறேன். என் குரலைக் கேட்டா அவ வெச்சுப்போடுவா. எத்தனை தரம் வெச்சிருக்கறா. அதான் தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்க பேசுங்க. நான் பக்கத்துல இருக்கறேன்னு சொல்ல வேண்டாம். உங்கம்மா பேசுனதுல ஒண்ணு ரெண்டு இந்தப் போனுக்கு அனுப்பி வுடுங்கன்னு மட்டும் கேளுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவ பேசுனா எப்படி இருந்துச்சுன்னு ஒருக்காக் கேட்டாப் போதும். என்னைப் பத்தி எதாச்சும் சொல்லியிருப்பாளோ என்னமோ. கஞ்சி ஊத்துனேன், சடை போட்டு வுட்டேன், அப்பன் நல்லாப் பாத்துக்கறாருன்னு ஒரு வார்த்தை சொல்லாமயா இருந்திருப்பா?

உங்கம்மா போயிட்டாங்கன்னு... அதையும் நீங்களே சொல்லிருங்க. ஆனா மொதல்ல அதை அனுப்பச் சொல்லி வாங்கிக்குங்க. பொறவு சொல்லுங்க. மொதல்லயே சொன்னா அவ அழுவ ஆரம்பிச்சுருவா, அப்பறம் காரியம் ஆகாது. நான் ஞாயமாத்தானே சொல்றேன்?

இந்தாங்க, தொறந்து குடுக்கறேன். கடைசியில வந்த நம்பர்தான். ஆமா, அதேதான். அமுக்குங்க.

ரிங் போகுதுங்களா? தர்மபுரி தாண்டிட்டோம், இங்கெல்லாம் டவர் நல்லாத்தான் இருக்கும்.

எடுத்துட்டாளா?

ஏன் தம்பி பேசாம இருக்கறீங்க? நான் சொன்னாப்பலயே கேளுங்க. என்ன சொல்றா? கொஞ்சம் இப்படிக் காட்டுங்க, பஸ் சத்தத்துல எனக்குக் கேக்கலை.

அம்மாங்கறா.

மறுபடியும் அம்மாங்கறாளுங்க.

குடுங்க தம்பி. இங்க குடுங்க.